30 கெஜத் துணிக்கு ஓர் அரண்மனை

வட இங்கிலாந்தின் லீட்ஸிலிருந்து ஹாலிஃபாக்ஸுக்கு ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இறங்கி ஐந்து நிமிடம் மேடேறினால் பீஸ் ஹால் என்ற பழைய துணிச் சந்தை. வெளியிலிருந்து பார்த்தபோது ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஜன்னல் இல்லாத நெடுஞ்சுவர், ஏதோ சிறைச்சாலை மதில் மாதிரி. வாசலைக் கடந்து உள்ளே காலெடுத்து வைத்ததும் அப்படியே நின்றுவிட்டேன்.

நடுவே ஒரு பெரிய திறந்தவெளி முற்றம். நாற்புறமும் தூண் வரிசை, தூண்களுக்குப் பின்னால் தாழ்வாரம், தாழ்வாரம் நெடுகக் கதவுகள். நிலம் சரிவானது என்பதால் மேற்கே இரண்டு அடுக்கு, கிழக்கே மூன்று. மொத்தம் 315 அறைகள். ரோமாபுரியின் மன்றம் ஒன்றைப் பெயர்த்து யார்க்ஷயர் மழையில் வைத்தது போலிருந்தது.

இதை அரசனும் கட்டவில்லை, பிரபுவும் கட்டவில்லை என்பதுதான் என்னை நெகிழ வைத்தது. ஜான் கேகில் என்ற துணி வணிகர் நிலம் கொடுத்தார். ஊரின் துணிக்காரர்கள் ஆளுக்கு ஓர் அறை என்று பணம் போட்டார்கள். 1779 ஜனவரி 1 அன்று திறந்தார்கள். இங்கிலாந்தின் பல ஊர்களில் கண்ணைக் கவரும் கட்டடம் எதுவென்று கேட்டால் தேவாலயத்தையோ கோட்டையையோ காட்டுவார்கள். இங்கே அது ஒரு ஜவுளிச் சந்தை.

கைத்தறியில் நெய்து அறுத்த ஒரு முழு நீளத் துணிக்கு இங்கே ‘பீஸ்’ என்று பெயர், 30 கெஜம். சுற்றியுள்ள குன்றுகளில் மண் வளம் போதாது, மழைக்கும் குளிருக்கும் குறைவில்லை. நிலம் மட்டும் சோறு போடாத அந்த வீடுகளில் தறி ஓடியது. பெண்களும் பிள்ளைகளும் கம்பளியைச் சிக்கெடுத்து நூற்பார்கள், ஆண் தறியில் உட்காருவான். வெளிச்சத்துக்காக மாடியில் வரிசையாக ஜன்னல் வைத்த நெசவாளர் வீடுகள் இன்றும் அந்த மலைக் கிராமங்களில் நிற்கின்றன. நெய்ததைத் தோளிலோ மட்டக்குதிரையிலோ ஏற்றிக் கொண்டுவர வேண்டும். சந்தை சனிக்கிழமை மட்டும், காலை 10 மணி முதல் 12 மணி வரை. ஒரு குடும்பத்தின் உழைப்புக்கெல்லாம் அந்த இரண்டு மணி நேரத்தில் விலை தீர்ந்துவிடும். விற்ற காசில் கம்பளி வாங்கிக்கொண்டு திரும்பினால்தான் அடுத்த பாவு.

மேல் தளத்தில் ஓர் அறைக்குள் போனேன். ஒரு கதவு, ஒரு ஜன்னல், அவ்வளவுதான். நாலு பேர் நின்றால் ஐந்தாமவர் வாசலில் நிற்க வேண்டும். வெளிச்சம் தாழ்வாரத்துப் பக்கமிருந்து மட்டுமே வருகிறது. துணியின் நிறத்தையும் நெருக்கத்தையும் பார்க்க விரும்பியவர் அதை வாசலுக்கு இழுத்துவந்து விரித்துத்தான் பார்த்திருப்பார். நானும் என் கம்பளித் துண்டை அந்த நிலைக்கல்லின் மேல் விரித்துப் பார்த்தேன். உள்ளே கறுப்பாகத் தெரிந்த துண்டு அங்கே கரும்பச்சை ஆனது. அவ்வளவு பெரிய மாளிகையின் வேலை இந்தச் சின்ன வாசலில்தான் நடந்திருக்கிறது. எத்தனை பேரின் பிழைப்பு இந்தக் கல்லின் மேல் விரிந்து மடிந்ததோ!

துணிக்கு இந்த ஊர் கொடுத்த மதிப்பின் கொடூர முகமும் பக்கத்திலேயே இருக்கிறது. கிப்பெட் தெருவில், தலை வெட்டும் பொறியின் மாதிரி ஒன்றை நிறுத்தியிருக்கிறார்கள். 13½ பென்ஸ் மதிப்புள்ள பொருளைத் திருடிப் பிடிபட்டாலே இங்கே தலை போகும். 1650 வரை அப்படித்தான். நனைத்து இடித்த கம்பளித் துணியைச் சட்டத்தில் கொக்கி மாட்டி இழுத்துக் கட்டி வெட்டவெளியில் காயவைப்பார்கள். இரவில் அதற்குக் காவல் ஏது? அந்த அச்சம் புரிகிறது. ஆனாலும் ஒரு துண்டுத் துணிக்கு ஒரு தலை என்ற கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை; அங்கே அதிக நேரம் நிற்கவும் முடியவில்லை.

இங்கிலாந்தின் கம்பளிக்காரர்களும் பட்டு நெசவாளர்களும் நம்மையும் தொட்டவர்கள். சோழமண்டலக் கரையின் அச்சடித்த பருத்தித் துணி அங்கே பெண்களின் மோகமானபோது, தங்கள் பிழைப்பு போகிறது என்று கொதித்தார்கள். 1719இல் லண்டன் தெருக்களில் அந்தத் துணி உடுத்திய பெண்களையே தாக்கினார்கள். 1721இல் அதை உடுத்தவே தடைச் சட்டம் வந்தது. வணிகர் பலம் நாடாளுமன்றம் வரை எட்டியது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அப்படிப்பட்டவர்களின் மாளிகையும் நூறு ஆண்டு தாங்கவில்லை. நூற்பும் நெசவும் ஆலைக்குள் போயின. ஆலை முதலாளி வெளியூர் வணிகருக்கு நேரடியாகவே விற்றார். அவருக்குச் சனிக்கிழமைச் சந்தை எதற்கு? 1871இல் இது காய்கறி, பழம், மீன் மொத்தச் சந்தை ஆயிற்று. 1970களின் தொடக்கத்தில் இடித்துவிடலாம் என்றே பேச்சு எழுந்தது. நகர மன்றத்தில் ஒரே ஒரு வாக்கில் தப்பியது என்று ஊரில் சொல்கிறார்கள். புதுப்பித்து 2017 ஆகஸ்ட் 1 அன்று மீண்டும் திறந்திருக்கிறார்கள். இன்று அறைகளில் சிறு கடைகள், காபிக் கடைகள். முற்றத்தில் இசை நிகழ்ச்சி. அதே அளவு அறையில் சிறு வியாபாரிகள் பிழைப்பதைப் பார்க்க மகிழ்ச்சியாக இருந்தது.

மாலையில் பீக்கன் குன்றின் மேல் ஏறும் பழைய குதிரைப் பாதையில் நடந்தேன். வேக்ஃபீல்டுக்குப் போகும் கல் பாவிய வழி அது, செங்குத்து. வெறுங்கையோடு ஏறிய எனக்கே இரண்டு இடத்தில் மூச்சு வாங்கியது. திரும்பிப் பார்த்தபோது கீழே கூரைகளுக்கு நடுவில் அந்தச் சதுரம் தெரிந்தது. என் கழுத்தில் கிடந்த துண்டு இரண்டு கெஜம் இருக்கும். அந்த நெசவாளன் சுமந்தது 30.