எல்லாத் திரைக்கும் ஒரே மின்னூல்: நான் கற்றுக்கொண்ட விதம்

நாட்டுடைமையான சிறுகதைத் தொகுப்பு ஒன்றை மின்னூலாக்கும் வேலையை ஏற்றுக்கொண்டேன். கைக்கு வந்தது பேஜ்மேக்கர் என்ற பழைய அச்சுப்பக்க வடிவமைப்பு மென்பொருளில், பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு. அதை யூனிகோடுக்கு மாற்றி, சிஜில் என்ற மின்னூல் தொகுப்பு மென்பொருளில் ஏற்றி, இபப் (EPUB) என்ற மின்னூல் வடிவக் கோப்பாக ஆக்கினேன். கணினியில் லட்சணமாக இருந்தது. அதையே ஆறு அங்குல மின்தாள் (e-ink) வாசிப்புக் கருவியில் திறந்தபோது, ‘அவர்’ என்ற சொல்லுக்குள் புள்ளிகளாலான ஒரு வட்டம் நின்றது.

காரணம் பழைய தட்டச்சுப் பழக்கம். அச்சில் ‘ர்’, ‘ரி’ ஆகியவற்றுக்குக் கீழ்ச் சாய்கோடு போடாத வழக்கம் இருந்ததால், பலர் ரகரத்துக்குப் பதில் துணைக்காலை அடித்துவிட்டு அதன்மேல் புள்ளி வைத்தார்கள். மாற்றும்போது அது அப்படியே யூனிகோடுக்குள் வந்துவிடுகிறது. சில எழுத்துருக்கள் இதை மறைத்துக் காட்டும், சில காட்டிக்கொடுக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கேடு கேடுதான்: வாசகர் ‘அவர்’ என்று தேடினால் கிடைக்காது, பார்வையற்றவருக்குப் படித்துக்காட்டும் குரல் அந்த இடத்தில் தடுமாறும். துணைக்காலின்மேல் புள்ளியோ கொக்கியோ வரத் தமிழில் இடமே இல்லை என்பதால், இதை மொத்தமாகத் தேடி மாற்றுவது பாதுகாப்பானது.

ஔகாரம் அப்படி இல்லை. ‘கௌரி’ என்பதைப் பலர் ககரத்துக்குக் கொம்பு போட்டு, பக்கத்தில் ளகரத்தை வைத்து அடித்திருப்பார்கள். எல்லா ‘கெள’வையும் ‘கௌ’ ஆக்கினால் கெளுத்தி மீன் சிதைந்துபோகும். ளகரத்தின்மேல் வேறு குறி இல்லாத இடங்களை மட்டும் மாற்றலாம் என்றால், கதைமாந்தர் பேச்சில் ‘கெளம்பு’, ‘வெளக்கு’ வருகின்றன. எழுத்தாளர் மனமறிந்து எழுதிய பேச்சு வழக்கு அது, அதில் கைவைக்க நமக்கு உரிமை இல்லை. ஆகவே ஒவ்வொரு இடமாக நிறுத்திப் பார்த்துத்தான் மாற்றினேன். முழு வேலையிலும் அதிக நேரம் எடுத்தது இதுதான். தமிழ் மின்னூல் வடிவமைப்பில் பாதி இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

மீதிப் பாதி, பக்கத்தின்மீதான பிடியை விடுவது. இபப் என்பது உள்ளே இணையப் பக்கங்களைச் சுருட்டி வைத்த ஒரு ஜிப் கோப்பு. எழுத்தின் அளவையும் பின்னணி நிறத்தையும் வாசகரே மாற்றிக்கொள்வார். பேஜ்மேக்கரில் பழகிய கைக்கு இது எளிதில் வராது. உரைக்குக் கறுப்பு நிறம் என்று நடைத்தாளில் (தோற்றத்தைச் சொல்லும் CSS கோப்பில்) எழுதிவைத்தால், இரவு முறையில் கறுப்புத் திரையில் கறுப்பு எழுத்தாகி, கதையே காணாமல் போகலாம். நிறமே சொல்லாமல் விட்டுவிட்டேன். அளவுகளையெல்லாம் அச்சுப் புள்ளிக் கணக்கில் (pt) இல்லாமல், எழுத்தின் அளவோடு சேர்ந்து மாறும் ‘எம்’ (em) அலகில் வைத்தேன். வரி உயரம் ஒன்றரை மடங்குக்குக் குறையக் கூடாது. குறைந்தால் மேல்வரியின் ‘மூ’வும் கீழ்வரியின் ‘கீ’யும் இடித்துக்கொள்கின்றன.

இருபுறமும் சமன்செய்வதைக் கைவிட்டதில் நண்பர்களுக்கு வருத்தம். ஆனால் ‘போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ போன்ற சொல் சிறு திரையில் பெரிய எழுத்தில் வரும்போது, அடுத்த வரிக்கு அது இறங்கிவிட, முந்தைய வரியில் எஞ்சிய இரண்டு சொற்களுக்கு நடுவே பெரும் பள்ளம் விழுகிறது. இடப்பக்கம் மட்டும் சீராக இருந்தால் போதும், படிப்பு தடைப்படாது.

எழுத்துருவாக நோட்டோ செரிஃப் தமிழை உள்ளே சேர்த்தேன். திறந்த உரிமம் உடையது. கோப்பின் எடையைக் குறைக்க எழுத்துருவை வெட்டிச் சுருக்க ஆசை வரும். வாசிப்பு மென்பொருள் கொம்பை மெய்யின் இடப்பக்கம் நகர்த்தித் தந்தாலும், ‘கு’, ‘டு’, ‘மூ’ போன்ற கூட்டு வடிவங்களுக்கு எழுத்துருவுக்குள் இருக்கும் விதிகள் வேண்டும். கவனமில்லாமல் வெட்டினால் அவை போய்விடும். முழுதாகவே வைத்தேன்.

கதைகளுக்கிடையே வரும் பாடல்களுக்குத் தொங்கும் உள்தள்ளல் கொடுத்தேன்: இடப்பக்கம் இரண்டு எம் இடம், முதல் வரிக்கு மட்டும் அதே அளவு பின்னிழுப்பு. செல்பேசியில் நீண்ட அடி மடிந்தாலும், மடிந்த துண்டு உள்ளே தள்ளி நிற்பதால் அடி எங்கே முடிகிறது என்பது குழம்பாது.

கடைசியில் கோப்பின் பிழைகளைக் காட்டும் இபப்செக் சோதனை, பிறகு கிண்டிலில் எப்படித் தெரியும் என்று காட்டும் கிண்டில் பிரிவியூவர், ஒரு செல்பேசி, ஒரு மின்தாள் கருவி. எதிலும் எழுத்தை மிகப் பெரிதாக்கியும் இரவு முறையிலும் பார்க்காமல் நான் கோப்பை வெளியே விடுவதில்லை. கண் மங்கிய வாசகர்தான் இந்த வசதியை அதிகம் தேடி வருகிறார்.

அடுத்து ஒரு பழைய உரைநூலை எடுத்திருக்கிறேன். அச்சில் மூலமும் பதவுரையும் பக்கத்தில் பக்கத்தில் பத்தியாக நிற்கின்றன. சிறு திரையில் அப்படிப் பக்கம்பக்கமாக வைக்கும் அட்டவணை நிற்காது. அதனால் பாட்டு, பதவுரை, பொழிப்புரை என்று ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, பொருளடக்கத்திலிருந்து நேரே பாட்டுக்குப் போகும் இணைப்பு கொடுத்து, முதல் அதிகாரத்தை முடித்திருக்கிறேன்.