வீட்டுக்குக் கருப்பு மூங்கில்: டிமோர், ஜாவா, நடுவில் ஒரு ஏமாற்றம்

பிரிஸ்பேனுக்கு மேற்கே, இப்ஸ்விச் பக்கம் எங்கள் வீடு. பின்கட்டில் நின்றால் அடுத்த வீட்டு மாடி ஜன்னல் நேர் எதிரே. நாங்கள் என்ன துணி காயப்போடுகிறோம் என்பது அவர்களுக்கு மனப்பாடம். அதை மறைக்கத்தான் மூங்கில். அது கருப்பாக இருக்க வேண்டும் என்பது முழுக்க என் ஆசை. வீடியோ காலில் சொன்னபோது அம்மா, "கருப்பு மூங்கிலா? தீயில வாட்டினதாய்யா?" என்று கேட்டாள்.

முதல் செடி 2019-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கியது. தொட்டியில் செருகியிருந்த அட்டையில் 'கருப்பு மூங்கில்' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. விரல் தடிமனில், மசியில் முக்கி எடுத்த மாதிரி நான்கு கழிகள். தரையில் வைத்தேன். இரண்டு வருடம் சாதுவாக நின்றது. 2021 செப்டம்பரில், செடியிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி புல்தரையில் ஒரு முளை. அடுத்த வாரம் வேலிக்கு அந்தப் பக்கம் ஒன்று. பக்கத்து வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டேதான் காட்டினார், ஆனால் சிரிப்பு கண்ணில் இல்லை.

அது ஃபில்லோஸ்டாக்கிஸ் நைக்ரா. சீனாவிலிருந்து வந்த, குளிர் பிரதேசத்துக்கு ஏற்ற ஓடும் மூங்கில். கிழங்கு மண்ணுக்குள் கயிறு மாதிரி நீண்டுகொண்டே போகும். கடப்பாரையும் மண்வெட்டியுமாக இரண்டு வாரக் கடைசிகள் போயின. எங்கள் மண் களிமண். காய்ந்தால் ஓடு, நனைந்தால் பசை. தோண்டி எடுத்த கிழங்குத் துண்டுகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தபோது கார் நிறுத்தும் இடம் நிறைந்துவிட்டது.

இப்போதெல்லாம் நர்சரியில் யாராவது கருப்பு மூங்கில் என்று காட்டினால், விலை கேட்கும் முன் கட்டைவிரல் நகத்தைக் கழியின் மேல் ஓட்டிப் பார்ப்பேன். கிளை புறப்படும் கணுவுக்கு மேலே, அந்தப் பக்கத்தில் மட்டும், நகம் ஒரு சின்ன வாய்க்காலில் இறங்கினால் அது ஓடும் இனம். கணுவுக்கு இரண்டே கிளைகள் இருந்தால் சந்தேகமே வேண்டாம். குத்தாக வளரும் கருப்பு வகைகளில் கழி உருண்டையாக இருக்கும். கணுவில் கிளைகள் கொத்தாக வரும், அதில் ஒன்று மட்டும் மற்றதைவிடத் தடித்திருக்கும்.

2021 நவம்பரில் இரண்டு குத்து மூங்கில்கள் வைத்தேன். ஒன்று டிமோர் கருப்பு, பாம்பூசா லாக்கோ. இன்னொன்று ஜாவா கருப்பு, ஜைகாண்டோக்ளோவா அட்ரோவயோலேசியா. இரண்டுக்கும் தாவரவியல் பெயர் வைத்தவர் ஒரே ஆள்தான்: இந்தோனேசியாவின் எலிசபெத் விட்ஜாஜா, ஜாவாவுக்கு 1987-இல், டிமோருக்கு 1997-இல். ஆஸ்பர் வகையிலும் ஒரு கருப்பு உண்டு. ஆனால் ஆஸ்பர் இருபது மீட்டருக்கு மேல் போகிற ஜாதி. தோட்டம் உள்ளவர்கள் வைக்கலாம்; எங்களைப் போல் அறுநூறு சதுர மீட்டர் மனைக்காரன் வைத்தால் வீடுதான் மூங்கிலுக்குள் இருக்கும்.

ஒப்பிடுவது என்று இறங்கியவன் ஒரே மாதிரி இடமாகப் பார்த்து வைத்திருக்க வேண்டும். நான் டிமோரை மேட்டிலும், ஜாவாவைத் தாழ்ந்த மூலையிலும் வைத்தேன். காரணம் ஒன்றும் பெரிதில்லை, அங்கேதான் குழி வெட்ட மண் கொஞ்சம் இளகியிருந்தது. மூன்றே மாதத்தில் 2022 பிப்ரவரி கடைசி மழை வந்தது. பிரிஸ்பேன் வெள்ளத்தை எல்லாரும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். எங்கள் தெருவுக்கு ஆறு வரவில்லை, ஆனால் அந்த மூலையில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. ஜாவாவின் இலைகள் மஞ்சளடித்து உதிர்ந்தன. மூங்கிலுக்குத் தண்ணீர் வேண்டும், வேரில் தேங்கக் கூடாது. ஆகவே முதல் வருடக் கணக்கில் ஜாவா பின்தங்கியது என்றால் பாதிக் குற்றம் என்னுடையது.

அளந்த விவரம் இது. மூங்கில் கழி மண்ணைவிட்டு வெளியே வரும்போதே அதன் முழுத் தடிமனோடு வந்துவிடும், மரம் மாதிரி வருடாவருடம் பருக்காது. அதனால் ஒவ்வொரு வருடமும் புதிதாக வந்ததில் பெரிய கழியை மட்டும் டெய்லர் டேப்பால் இடுப்பு உயரத்தில் சுற்றி அளந்து, விட்டம் கணக்குப் போட்டேன். டிமோர்: 2022-இல் 18 மி.மீ., பிறகு 27, 41, 2025-இல் 52. ஜாவா: 15, 22, 44, 63. மூன்றாம் வருடம் ஜாவா தாண்டிவிட்டது, அந்தச் சொதசொத மூலையில் இருந்துகொண்டே. அதன் இலையும் பெரிது, டிமோர் இலையைப் போல் இரண்டு மடங்கு அகலம் இருக்கும்.

இனி நிறம். புது முளை பச்சையாகத்தான் வரும். இது தெரியாமல் 2022-இல் ஒரு மாதம் நர்சரிக்காரரை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். 2024-இல் ஒழுங்காகப் பார்க்கலாம் என்று இரண்டிலும் ஒவ்வொரு புதுக் கழியில் சிவப்பு நூல் கட்டி, மாதம் பிறந்ததும் போட்டோ எடுத்தேன். டிமோர் பிப்ரவரியில் முளைத்தது. ஆகஸ்டில் காப்பிக்கொட்டை நிறம். கிறிஸ்துமஸ் சமயம் பளபளப்பான கருப்பு, நடுவே நூல் இழுத்த மாதிரி ஒன்றிரண்டு பச்சைக் கோடு. ஜாவா அப்படி ஒரே சீராக மாறவில்லை. முதலில் அடிக்கணுக்களில் நாவல்பழச் சாறு தெளித்த மாதிரி திட்டுகள், அப்புறம் அவை பரவின. வேலி நிழல் விழுந்த பக்கம் ஒரு வருடம் கழித்தும் பச்சை தெரிந்தது. முழுதாக மாறிய பிறகும் அது கருப்பு இல்லை, கருநீலத்தோடு சேர்ந்த ஊதா. சாயங்கால வெயிலில் கணுவுக்குக் கீழே வெள்ளை வளையம் தெரியும்போது டிமோர் இதன் பக்கத்தில் கூட நிற்க முடியாது.

ஆனால் கிட்டே போனால் கடிக்கும். ஜாவாவின் முளையைச் சுற்றியிருக்கும் உறையில் கரும்பழுப்பு ரோமம் அடர்ந்திருக்கும். காய்ந்து தொங்கிய உறைகளை வெறும் கையால் உருவினேன். முழங்கை வரைக்கும் செந்தட்டி பட்ட அரிப்பு, தண்ணீர் ஊற்றினால் இன்னும் ஏறியது. செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டி இழுத்தபோது, டேப்பில் பொடி ஊசிகளாக வந்தன. அன்றிலிருந்து முழுக்கை சட்டை, தோல் கையுறை.

2023 ஜூலையில் ஒரு காலை புல்லெல்லாம் உறைபனி. டிமோரில் இலை நுனிகள் வெளுத்தன, அவ்வளவுதான். ஜாவா மேல்பாதி இலையைக் கருக்கிக்கொண்டு அக்டோபர் வரை மொட்டையாக நின்றது. பக்கத்து வீட்டு ஜன்னலை மறைக்க வைத்த செடி, குளிர்காலம் முழுக்க மறைக்கவில்லை.

2025 மார்ச்சில் ஆல்ஃபிரட் புயல். கரையேறியபோது வலு குறைந்திருந்தாலும் காற்றும் மழையும் நாள்கணக்கில் ஓயவில்லை. முளைக்கும் பருவமும் அதேதான், புதுக் கழிகள் உயரமாக, உள்ளே இன்னும் முற்றாமல். டிமோர் தலையைத் தரை வரை கவிழ்த்து எழுந்தது. ஜாவாவில் ஏழு புதுக் கழிகளில் மூன்று முறிந்தன. முறிந்ததை வைத்து ஆங்க்லுங் செய்யலாம் என்று ஒரு கிறுக்கு யோசனை வந்தது. மேற்கு ஜாவாவில் அந்த மூங்கில் வாத்தியத்துக்கு இந்த வகைதான் பிரசித்தம், 2010-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய வாத்தியம். இளங்கழி அல்லவா, இரண்டே வாரத்தில் சுருங்கி முருங்கைக்காய் போல் ஆனது. தட்டினால் சத்தமே இல்லை.

உரம் பெரிதாக ஒன்றுமில்லை. வசந்தத்தில் கோழி எரு, மேலே கரும்புச் சோகை மூடாக்கு. இங்கே அது கட்டுக்கட்டாகக் கடையில் கிடைக்கும். அதைப் பிரஷ் டர்க்கி என்ற காட்டுப் பறவை காலையில் கிளறி வீசும், மாலையில் நான் கூட்டி வைப்பேன். அடித்து விரட்டச் சட்டத்தில் இடமில்லை. கம்பிவலை விரித்து மேலே கல் வைத்த பிறகுதான் ஓரளவு அடங்கியது.

வேலி ஓரம் இன்னும் நான்கு செடி வைக்கப்போகிறேன், நான்கும் டிமோர்தான், இரண்டு மீட்டர் இடைவெளியில். ஜாவாவைத் தூக்கி எறிய மனசு வரவில்லை. செப்டம்பரில் வெயில் ஏறியதும் குத்தை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை மேட்டில் வடக்கு வெயில் படும் இடத்தில் வைப்பதாக இருக்கிறேன். சிவப்பு நூல் கட்டிய கழி அந்தப் பாதியில் வருகிற மாதிரி கோடு போட்டு வைத்திருக்கிறேன்.