78 நாள் தூசி

பிப்ரவரி 24, 2019, ஞாயிறு

இன்றைக்குத்தான் பெட்டியைத் திறந்தேன். சிங்கப்பூர் மச்சான் போன தீபாவளிக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்தது, நாலு மாதமாகப் பீரோ மேலேயே கிடந்தது. எம் 3 ஸ்டூவர்ட் டாங்கியின் பிளாஸ்டிக் மாடல், 35-இல் ஒரு பங்கு. நிஜ வண்டி நாலரை மீட்டர் நீளம், இங்கே 13 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். பெட்டிப் படத்தில் எகிப்துப் பாலைவனத்தில் மணல் நிறத்தில் ஓடுகிறது, ஆனால் நான் செய்யப்போவது நம் ரங்கூனுக்கு வந்த வண்டி.

1942 பிப்ரவரி 21 அன்று பிரிட்டிஷ்காரர்களின் 7வது கவசப் பிரிகேட் ரங்கூன் துறைமுகத்தில் வந்து இறங்கியது. 7வது ஹுஸார்ஸ், 2வது ராயல் டாங்க் ரெஜிமென்ட் என்று இரண்டு படைகள், நூற்றுக்கும் மேற்பட்ட ஸ்டூவர்ட்கள். பெகுவில் சண்டை போட்டு, புரோம் ரோட்டில் பின்வாங்கி, ஏனாஞ்சவுங்கில் திரும்பவும் சண்டை போட்டு, மே 10 வாக்கில் சிந்த்வின் ஆற்றங்கரையில் ஷ்வேஜினுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கனமான வண்டிகளை ஆற்றைத் தாண்டிக் கொண்டுபோக வழியில்லாததால் மிச்சமிருந்தவற்றை அவர்களே உடைத்துப் போட்டுவிட்டு நடந்தார்கள். ஒன்றே ஒன்றுதான் அக்கரை சேர்ந்தது. அதன் டரெட்டை, அதாவது மேலே பீரங்கியோடு சுழல்கிற கூண்டை, எடுத்துவிட்டு இந்தியாவின் 7வது குதிரைப்படைக்காரர்கள் தளபதி வண்டியாக வைத்துக்கொண்டார்கள், 1945-இல் அது பர்மாவுக்கே திரும்பியும் வந்தது.

பிப்ரவரி 21-இலிருந்து மே 10 வரை விரல் விட்டு எண்ணினேன். 78 நாள். நான் செய்கிற வண்டிக்கு வயது அவ்வளவுதான், ஒரு கீறல் போடுவதானாலும் அந்தக் கணக்குக்குள் வர வேண்டும்.

மார்ச் 3, ஞாயிறு

உடல் பாகம் ஒட்டி முடிந்தது. சுலபமான கிட்தான், ஒரே சங்கடம் டரெட்டில் இரண்டு பாதி சேருகிற இடத்தில் ஒரு கோடு விழுந்தது. புட்டி வைத்துத் தேய்த்தபோது பக்கத்தில் இருந்த மூன்று ரிவெட்டும் சேர்ந்து போய்விட்டன. இந்த வண்டிக்கு ரிவெட்தான் முகம், இரும்புத் தகடுகளை ரிவெட் அடித்தே சேர்த்த காலத்து வண்டி, மூன்று குறைந்தாலும் கண்ணுக்குப் பட்டுவிடும். வண்டியின் அடிப்புறத்தில், கவிழ்த்தால் ஒழிய யாரும் பார்க்காத இடத்திலிருந்து புது பிளேடால் மூன்றைச் சீவி எடுத்தேன். கடுகில் பாதிகூட இல்லை. பிரஷ் நுனியை நாக்கில் நனைத்துத் தொட்டால் ஒட்டிக்கொண்டு வரும், இடத்தில் வைத்து ஒரு சொட்டு பசை. இரண்டு சரியாக உட்கார்ந்தன. மூன்றாவது மின்விசிறிக் காற்றில் எங்கோ போய்விட்டது, நாலாவதாக ஒன்று சீவ வேண்டியதாயிற்று. மூன்று ரிவெட்டுக்கு ஒண்ணேகால் மணி நேரம்.

மார்ச் 10, ஞாயிறு

தௌக்கியான் போய் வந்தேன், மண் எடுக்க.

1942 மார்ச் 7-ஆம் தேதி ரங்கூனை விட்டுக் கிளம்பிய படை முழுவதையும் ஜப்பானியர் புரோம் ரோட்டில் மறித்தது இந்த இடத்தில்தான். டாங்கிகள் மோதிப் பார்த்தும் வழி திறக்கவில்லை. மறுநாள் காலையில் ஜப்பானியர் தாங்களே மறியலை விலக்கிக்கொண்டு ரங்கூன் பக்கம் போய்விட்டார்கள், அதனால்தான் தளபதி அலெக்சாண்டர் உட்பட எல்லாரும் தப்பினார்கள். இப்போது அங்கே போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 6,374 கல்லறைகள், நடுவே நிற்கிற தூண்களில் உடல் கிடைக்காத ஏறக்குறைய 27,000 பேருடைய பெயர்கள். பாலம், பாதை போடுகிற மெட்ராஸ் சாப்பர்கள் படையின் பகுதிக்குப் போனால் நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் வருகிற பெயர்களாகவே இருக்கும். நான் எப்போது போனாலும் அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வருவேன், இன்றும் நின்றேன்.

தோட்டத்துக்குள் கை வைக்கவில்லை. வெளியே ரோட்டோரத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் நிறைய மண் எடுத்தேன். செம்மண், காய்ந்தாலும் சிவப்பு போகாது.

ராத்திரி தாத்தாவிடம் கேட்டேன். அப்போது அவருக்குப் பத்து வயது. ரங்கூனிலிருந்து மாட்டு வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு குடும்பத்தோடு இந்த ரோட்டில்தான் புரோம் வரைக்கும் நடந்திருக்கிறார்கள், அங்கே காலரா பரவவும் அதற்கு மேல் போகப் பயந்து திரும்பிவிட்டார்கள். டாங்கி என்ன நிறம் தாத்தா என்றேன். "பச்சைதான்யா. ஆனா பச்சை எங்க தெரிஞ்சுச்சு? மாவு மில்லுல வேலை பாக்குறவன் மாதிரில்ல வந்துச்சு" என்றார்.

மார்ச் 17, ஞாயிறு

பெயின்ட். அமெரிக்கத் தொழிற்சாலையிலிருந்து ஆலிவ் நிறத்தில் வந்த வண்டிதான், தாத்தாவும் பச்சை என்கிறார், அதற்கு மேல் எனக்குச் சாட்சி வேண்டாம். டப்பாவில் இருப்பதை அப்படியே அடித்தால் இந்தச் சின்ன அளவில் கறுப்பாகத் தெரியும் என்பதால் கொஞ்சம் மஞ்சள் கலந்த மணல் நிறம் சேர்த்து வெளுக்க வைத்தேன். வெயில் நேராக விழுகிற மேல் தகடுகளுக்கு இன்னும் கொஞ்சம்.

பாதியில் கரண்ட் போய்விட்டது. கம்ப்ரசர் நின்று, ஏர்பிரஷ் ஒரு தும்மல் தும்மி, இடது பக்கத்தில் ஒரு திட்டு. வெயில் காலம் தொடங்கிவிட்டது, இனி தினம் இதே பாடுதான். காய்ந்த பிறகு 2000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து அந்த இடத்தை மட்டும் தேய்த்துவிட்டு, விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து மீதியை அடித்தேன். அந்த நேரத்தில் கரண்ட் இருக்கிறது.

மார்ச் 24, ஞாயிறு

இன்றைக்குப் பழசாக்கும் வேலையின் முதல் பாகம்.

டாங்கி மாடல் என்றாலே துரு அடிக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். ஆரஞ்சு நிறத் துரு வழிய வழிய, கடலில் நாலு வருஷம் கிடந்த கப்பல் மாதிரி செய்து வைக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. 78 நாள் ஓடிய வண்டி, அதுவும் பிப்ரவரியிலிருந்து மே வரை, ஒரு நல்ல மழைகூடப் பார்க்காத மாதங்கள். அந்த வருஷ மழை வலுத்தது மே நடுவில், அப்போது இந்த வண்டிகள் உயிரோடு இல்லை. ஆகவே துருவை எக்ஸாஸ்டில் மட்டும் வைத்தேன், சூடு பட்டுப் பட்டுப் பெயின்ட் எரிகிற இடம் அது.

பெயின்ட் உரிந்த இடங்களும் அப்படித்தான். ஸ்பாஞ்சைக் கிள்ளி, கரும்பழுப்பில் தொட்டு, காகிதத்தில் ஒற்றி ஒற்றி ஏறக்குறைய காய்ந்த பிறகுதான் வண்டியில் ஒற்ற வேண்டும். எங்கே ஒற்றுவது என்பதற்கு நாலு பேரை நினைத்துக்கொண்டேன், இந்த வண்டியில் இருந்தது நாலு பேர்தானே. டிரைவர் ஏறுகிறபோது பூட்ஸ் எங்கே படும், டரெட்டுக்குப் போகிறவன் எதைப் பிடித்து ஏறுவான், மூடியை எந்த விளிம்பில் தட்டிச் சாத்துவான். அந்த இடங்களில் மட்டும். பெட்ரோல் மூடியைச் சுற்றி எண்ணெய்க் கறை, ஏழு சிலிண்டர் விமான எஞ்சின் ஓடிய வண்டி, பெட்ரோல் ஊற்றி ஊற்றியே அந்த இடம் கறுத்திருக்கும்.

செயினைப் பற்றியும் சொல்ல வேண்டும். நானே முதல் வண்டியில் செயின் முழுவதும் வெள்ளி நிறம் தேய்த்து வைத்திருந்தேன். ஸ்டூவர்ட்டின் செயினில் தரையில் படுவது ரப்பர் கட்டைகள், அது எவ்வளவு ஓடினாலும் பளபளக்காது, சாம்பல் பூத்துப் போகும், ஓரம் பிய்யும். பளபளப்பது கட்டைகளைக் கோக்கிற இரும்புக் கொக்கிகளும் பல்சக்கரத்தின் பல்லும்தான். பென்சில் முனையை அந்தக் கொக்கிகளில் மட்டும் ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். அது போதும்.

ஏப்ரல் 6, சனி

லாரி ஓட்டுகிற நண்பர் மக்வேயிலிருந்து மண் கொண்டுவந்து கொடுத்தார். என் தௌக்கியான் மண்ணுக்குப் பக்கத்தில் வைத்தால் வேறு நாட்டு மண் மாதிரி இருக்கிறது, வெளுத்த மஞ்சள், கிட்டத்தட்ட இங்கே முகத்தில் அரைத்துப் பூசுகிற தனக்கா நிறம். ஒரே ரோட்டில் வடக்கே போகப் போக மண் இப்படி மாறுகிறது என்றால் வண்டியின் மேலும் அந்த வரிசையில்தானே படிந்திருக்கும். கீழே சிவப்பு, அதன்மேல் வெளுப்பு. அதற்கும் மேல் கரி. ஏப்ரல் 15-இல் ஏனாஞ்சவுங் எண்ணெய்க் கிணறுகளைக் கொளுத்தினார்கள், அந்தப் புகைக்குள்தான் அடுத்த சில நாள் சண்டை நடந்தது.

மண்ணை அப்படியே தூவினால் மாடல் கெட்டுவிடும். அரை மில்லிமீட்டர் மணல் ஒன்று இந்த அளவில் 17 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கல். வாணலியில் வறுத்து, அம்மாவின் உடைந்துபோன தனக்காக் கல்லில் வைத்துப் பொடித்து, பழைய வாயில் புடவைத் துணியை நாலாக மடித்துத் தட்டித் தட்டிச் சலித்தேன். ஒரு பாட்டில் மண்ணில் இரண்டு ஸ்பூன் மாவு கிடைத்தது. தொட்டால் முகப்பவுடர் மாதிரி விரல் ரேகைக்குள் போய் உட்கார்கிறது.

செம்மண்ணைச் சக்கரங்களுக்கு நடுவிலும் மூலைகளிலும் வைத்து, டர்பன்டைனை ஒரு சொட்டு ஓரமாகத் தொட்டு விட்டேன், அதுவாக ஓடிப் பரவிக்கொள்ளும். ஈரத்தில் கறுப்பாகிறபோது பயந்துவிடக் கூடாது, காய்ந்தால் திரும்பி வரும். மக்வே மண்ணை மேல் தகடுகளில் காய்ந்த பிரஷால் தூவி, ஆள் உட்காருகிற இடங்களில் விரலால் துடைத்தேன். கரிக்கு ஆயில் பெயின்ட் கறுப்பு, மிக மிக நீர்க்க, ஒரே ஒரு பூச்சு.

ஏப்ரல் 14, ஞாயிறு

தமிழ் வருஷப் பிறப்பு, பர்மியர்களின் தண்ணீர்த் திருவிழாவான திஞ்சான், இரண்டும் ஒரே நாளில். காலையில் பூஜை, பாயசம் எல்லாம் முடிந்து கொஞ்சம் காயட்டும் என்று டாங்கியைப் பால்கனியில் வைத்தது என் தவறு. எதிர் வீட்டுப் பிள்ளைகள் தண்ணீர்த் துப்பாக்கியால் அடித்தது நேரே வந்து விழுந்துவிட்டது. ஓடிப்போய் எடுத்தேன். வலது பக்கம் முழுவதும் மண் கரைந்து வழிந்து, வழிந்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கோலம்.

கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு பார்த்திருந்தேன். சக்கரங்களில் விழுந்த கறைகள் அப்படியே ஓடை கடந்த வண்டியின் கறைகள். ஏனாஞ்சவுங்கில் ‘பின் சவுங்’ என்கிற ஓடையின் துறைக்குத்தான் அவ்வளவு சண்டையும், அதில் இறங்கி ஏறாமல் எந்த வண்டியும் வடக்கே போயிருக்காது. ஆகவே செயினுக்கு மேலே ஒரு விரல் உயரம் வரை அப்படியே விட்டுவிட்டேன், இடது பக்கத்துக்கும் அதே உயரத்துக்கு நானே தண்ணீர் வைத்தேன். டரெட்டில் வழிந்ததற்கு நியாயமே கிடையாது, மழை பார்க்காத வண்டி. டரெட்டை மட்டும் முழுக்கத் துடைத்து, மறுபடி முதலிலிருந்து.

ஏப்ரல் 21, ஞாயிறு

தாத்தாவின் கையில் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். ஓரத்தை விரலால் தடவி, விரலைத் திருப்பிப் பார்த்தார். "இதாம்யா நிறம்" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அப்புறம் டரெட்டின் பின்பக்கத்தைக் காட்டி, "இங்க சாக்கு எங்க?" என்றார். என்ன சாக்கு என்றேன். வண்டி மேல் அடிபட்டவர்களையும் நடக்க முடியாதவர்களையும் ஏற்றிக்கொண்டு போனார்களாம். இரும்பு வெயிலில் சுடுமே, அதனால் கோணிச் சாக்கை நனைத்து விரித்து அதன்மேல் உட்கார வைத்திருந்தார்களாம். மாட்டு வண்டியில் இருந்து பார்க்கிறபோது அந்தச் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது இவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தாகமாக இருந்தது என்றார். இத்தனை வருஷத்தில் இதைச் சொன்னதே இல்லை.

காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணியில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டினேன். நெசவு கொஞ்சம் பெரிதுதான், ஆனால் இந்த அளவில் சாக்கு என்று கண் நம்புகிறது. பெவிகாலைத் தண்ணீரில் கரைத்து நனைத்து, எஞ்சின் மூடியின் மேல் விரித்து, ஓரங்களைப் பல்குச்சியால் அழுத்தி மடித்துவிட்டேன். நாளைக்கு வெளுத்த பழுப்பு அடித்து, நடுவில் மட்டும் பளபளக்கிற வார்னிஷ் தொட்டு ஈரம் காட்ட வேண்டும். சாக்கின் கீழ் விளிம்பிலிருந்து தகட்டில் இரண்டு கோடு, தூசியை அறுத்துக்கொண்டு இறங்குகிற மாதிரி.