மகாராணி சாப்பிட்டாயிற்று
வெள்ளவத்தை மாக்கெட்டில் சூடை மீன் வாங்கி, உப்புத் தூள் ஒன்றும் போடாமல் அவித்து, முள் எடுத்து வைத்தால் எங்கள் பூனை மூக்கால் ஒருமுறை தொட்டுவிட்டு, கோப்பையைச் சுற்றி நிலத்தைப் பிறாண்டி மூடுகிற மாதிரி ஒரு நடிப்பு! பிரிட்ஜில் இருந்து எடுத்ததென்றால் திரும்பியும் பாராள், வாசம் வந்தால்தான் பூனைக்குச் சாப்பிட மனம் வரும், அதனால் மீன் அவித்த தண்ணீரைச் சூடாக்கிக் கொஞ்சம் மேலே ஊற்றி, இளஞ்சூட்டில் வைத்துவிட்டு நான் அந்தப் பக்கமே பார்க்கக் கூடாது. குழம்பில் இருந்து ஒரு துண்டை எடுத்துப் போடச் சொல்கிறார் அம்மம்மா. வேண்டாம் அம்மம்மா, வெங்காயமும் உள்ளியும் பூனைக்கு நஞ்சு. பசித்தால் தின்னும் என்று விடவும் ஏலாது, நாட்கணக்கில் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு சேர்ந்துவிடும், கொழுத்த பூனைக்கு இன்னும் மோசம், ஒரு நாள் முழுக்கத் தொடாவிட்டாலே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். சரி, இன்றைக்குப் பாதி சாப்பிட்டாள். மிச்சத்துக்கு பல்கனியில் காகம் கத்துகிறது.