கையை எடுத்து உட்காருங்கள்

தண்டுவடத்தில் அடிபட்டு எங்கள் பிசியோதெரபி பிரிவுக்கு வருபவர்களில் தென்னை, பனையிலிருந்து விழுந்தவர் ஒருவராவது இருப்பார். "எப்ப சார் நடப்பேன்?" என்பார். கையை ஊன்றாமல் உட்கார முடிகிறதா என்று நான் திருப்பிக் கேட்டால் அவருக்குச் சப்பென்று ஆகிவிடும். உட்காருவதெல்லாம் ஒரு பயிற்சியா என்று வீட்டார் முகத்திலேயே எழுதியிருக்கும்.

நெஞ்சுப் பகுதியில், டி4 மட்டத்தில் (நெஞ்சுப் பகுதித் தண்டுவடத்தின் நான்காவது மட்டம்) முழுமையான அடி, அதாவது அதற்குக் கீழே உணர்வும் அசைவும் இல்லை என்றால் வயிற்றுத் தசைகள் வேலை செய்யாது. இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதும் தெரியாது. அதனால்தான் எதிரே ஆளுயரக் கண்ணாடி. இந்த நிலையில் பெரிய துணை லாட்டிசிமஸ் டோர்சை என்ற முதுகுத் தசை. அதற்கு நரம்பு வருவது கழுத்திலிருந்து. தசையின் பிடிப்போ இடுப்பெலும்பு வரைக்கும் இறங்குகிறது. அடிக்கு மேலிருந்து இடுப்பு வரைக்கும் கை நீட்டும் ஆள் அது ஒன்றுதான்.

பயிற்சி மெத்தையில் காலை நீட்டி உட்கார்ந்து ஒரு உள்ளங்கையை எடுக்கும்போது பார்க்க வேண்டும். மற்ற கையின் விரல்கள் ரெக்ஸினைக் கவ்விக்கொள்ளும், கழுத்து நரம்பு புடைக்கும், மூச்சு நின்றுவிடும். "மூச்சு விடுங்கண்ணே" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். அண்ணாந்து பார்த்தால் போச்சு, பின்னால் சரிவார். உடனே மனைவி பாய்ந்து தோளைப் பிடிப்பார். "சாயட்டும்க்கா, பின்னால நான் இருக்கேன்." சரிவதை உணர்ந்து தலையால், தோளால் மீளத்தானே இத்தனை பாடு! இரண்டு கையும் விட்ட பிறகுதான் பந்து பிடிக்கும் பயிற்சி வரும்.

வீட்டில் இன்னொரு கூத்து நடக்கும். உட்கார வைத்து முதுகை வளைத்து முன்னால் அழுத்தி, 'நரம்பு இழுக்கிறோம்' என்பார்கள். அடிமுதுகு கொஞ்சம் இறுக்கமாக இருந்தால்தான் இவர்களுக்கு உட்கார வரும். பின்தொடையை இழுக்க வேண்டுமானால் மல்லாக்கப் படுக்க வைத்துக் காலைத் தூக்குங்கள்.

1954 விபத்தில் கால்கள் செயலிழந்த வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ், வீல்சேரில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். கத்தி பிடித்த கையை ஊன்றிக்கொள்ள முடியுமா? உட்காருவதை இளக்காரமாக நினைப்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன். நம் ஆட்களுக்கும் கை விடுபட்டால்தான் சட்டை, லுங்கி, சிறுநீர் டியூப் எல்லாம் தன் கையால் ஆகும்.

சமீபத்தில் ஒருவர் கண்ணாடி முன் தானே சட்டைப் பொத்தானைப் போட்டார். ஒன்று மாறிப்போயிருந்தது. கழற்றித் திரும்பப் போடச் சொன்னேன். முறைத்தார், ஆனால் போட்டார்.