நாய் பூனைக்கும் ஒரு வண்டி வேணும்

சென்னை வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரில நல்லா பாப்பாங்க, 1903லேர்ந்து இருக்கிற கால்நடை காலேஜோட ஆஸ்பத்திரியாச்சே, செலவும் கம்மி, ஆனா தாம்பரத்துலேர்ந்து பூனைய கூடைல போட்டு ஆட்டோல கொண்டு போறதுக்குள்ள அது பயந்து போய் வாயத் தொறந்து மூச்சு வாங்க ஆரம்பிச்சிடுது, பாக்கவே மனசு கேக்காது. ஆடு மாட்டுக்கு 1962க்கு போன் போட்டா வண்டி ஊருக்கே வருதுல்ல, அதே மாதிரி வீட்டு நாய் பூனைக்கும் கம்மி ஃபீஸ்ல ஏரியா ஏரியாவா ஒரு வேன் வந்தா எவ்ளோ நல்லாருக்கும்! ரேபிஸ் ஊசி, பூச்சி மருந்து, காது பாக்குறது எல்லாம் வாசல்லயே முடிஞ்சிடும். தடுப்பூசிய 2லேர்ந்து 8 டிகிரிக்குள்ள வெச்சிருக்கணும், அவ்ளோதான். ஆபரேஷன், எக்ஸ்ரேன்னா ஆஸ்பத்திரி தான். எங்க தெருல ஒரு பாட்டி, நாய தூக்கிட்டு போக முடியாமயே வருஷாவருஷம் போட வேண்டிய ஊசிய விட்டுட்டாங்க, மொதல்ல அவங்க வாசலுக்குத்தான் அந்த வேன் வரணும்.