பின்காத்தான் பாடப் பழகியது

காத்தவராயன் கூத்தில் காத்தானை ஒரே ஆள் ஆடுவதில்லை. பாலகாத்தான், ஆதிகாத்தான், பின்காத்தான் என்று ஆட்கள் மாறிக்கொண்டே வருவார்கள். எனக்குக் கிடைத்தது கடைசிப் பங்கு, கழுமரம் ஏறுகிற காத்தான். சனம் வந்து குந்தி, அரைவாசிப்பேர் நித்திரையாகி, திரும்ப எழும்புகிற நேரம்தான் என் நேரம். மற்றவர்களுக்கு இரவு பத்து மணிக்குக் குரல் இருந்தால் போதும். எனக்கு விடியப்புறம் இருக்கவேண்டும்.

முல்லைத்தீவுப் பக்கம் எங்கள் ஊரில் இது அம்மனுக்கு நேர்த்தி வைத்து ஆடுகிற கூத்து. காலபோக (மாரிகால) நெல் வீட்டுக்கு வந்தபிறகுதான் பழக்கம் தொடங்கும். பாட்டெல்லாம் எழுதியிருந்த பழைய கொப்பி கடைசி இடப்பெயர்வோடு போய்விட்டது. கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் மனதில் இருந்ததைப் பாட, ஒருவர் பெரிய சீ.ஆர். கொப்பியில் எழுதினார். வரி இடறிய இடங்களில், "போய் ஆரியமாலாவிட்டைக் கேட்டு வாங்கோ" என்பார். ஆரியமாலா காத்தானின் காதலி. முன்பு அந்தப் பாத்திரம் ஆடிய அந்த ஆரியமாலாவுக்கு இப்போது நரைத்த மீசை.

பாட்டு மனப்பாடமாவது பெரிய வேலையில்லை. சிந்து மெட்டு தானாகவே இழுத்துக்கொண்டு போகும். பாடியபடி துள்ளுநடை போடுவதுதான் ஆளைக் கொல்லும். மூச்செல்லாம் காலுக்குப் போய்விடும், வரி முடிவதற்குள் குரல் செத்துவிடும். அண்ணாவியார் முதலில் என்னைப் பாடவே விடவில்லை. ஆர்மோனியத்தில் சட்சத்தை, அதாவது 'ச' சுரத்தை, பிடித்துக்கொண்டு, அதே சுருதியில் 'ஆ' என்று ஆகாரம் இழுத்தபடி வளவைச் சுற்றி நடக்கச் சொன்னார். சுருதி ஆடினால் திரும்பத் தொடக்கத்திலிருந்து. "தொண்டையாலை கத்தாதை தம்பி, வயித்தாலை பாடு." பிற்பாட்டுக்காரர் வரியைத் திருப்பிப் பாடும்போது நான் வாயை மூடி மூச்செடுக்கவேண்டும், அவர்களோடு சேர்ந்து பாடி வீரம் காட்டக்கூடாது. அந்த இடங்களையெல்லாம் கொப்பியில் சிவப்புப் பேனையால் குறித்து வைத்தேன்.

அப்புறம் கட்டைச் சண்டை, அதாவது எந்தச் சுருதியில் பாடுவது என்ற இழுபறி. பாலகாத்தான் சின்னப் பெடியன், அவனுக்கு ஐந்து கட்டை வேண்டும். எனக்கு இரண்டுக்கு மேலே போனால் கழுத்து நரம்பு புடைக்கும். ஆர்மோனியக்காரருக்கு விரலை மாற்றினால் சரி. மிருதங்கம் அப்படியில்லை, அதன் வலப்பக்கமான வலந்தலை ஒரு சுருதிக்குத்தான் கட்டப்பட்டிருக்கும், கொஞ்சம் தட்டி ஏற்றி இறக்கலாம், அவ்வளவுதான். கடைசியில் பக்கத்து ஊரில் தாழ்ந்த சுருதிக்கான தக்குச் சுருதி மிருதங்கம் ஒன்றை இரவல் வாங்கினோம். இதற்கு மினக்கெடாமல் எல்லாரையும் ஒரே கட்டையில் பாடவைக்கிற குழுக்களும் உண்டு. விடியும்போது அங்கே பாட்டு இருக்காது, கத்தல்தான் இருக்கும்.

அந்த நாட்களில் யூடியூப்பில் ஒப்பரா பாடகர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மைக் இல்லாமல் ஒரு பெரிய வாத்தியக் குழுவை மீறி எப்படிக் கேட்கிறார்கள்? 1970களில் சுவீடன் ஆய்வாளர் யொகான் சுண்ட்பெரி இதற்கு விளக்கம் தந்திருக்கிறார். வாத்தியக் குழுவின் பலம் 500 ஹேர்ட்ஸ் பக்கத்தில்தான் கூட, அதற்கு மேலே போகப்போகக் குறையும். பயின்ற ஆண் குரலோ 3000 ஹேர்ட்ஸ் அளவில் கூர்மை சேர்க்கும். அந்த இடத்தில் வாத்தியம் பலவீனம் என்பதால் குரல் மேலே மிதந்து வரும். அதற்கு அவர்கள் குரல்வளையைத் தாழ்த்திப் பாடப் பழகுகிறார்கள். எங்கள் பழைய கூத்துக்காரரின் கணீர்க் குரலும் இந்தச் சங்கதிதானோ என்று எனக்கொரு எண்ணம்.

வெள்ளுடுப்பு என்கிற கடைசி ஒத்திகை முடிந்ததும் ஊரே வைத்தியராகிவிட்டது. ஒருவர் பச்சை முட்டை என்றார், ஒருவர் மிளகும் கற்கண்டும் என்றார், இன்னொருவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. எனக்கு உதவியவை பகலில் பேசாமல் இருந்ததும், இளஞ்சூட்டில் மல்லித்தண்ணி குடித்ததும், கூத்தன்று சாமம்வரை ஒரு வீட்டுத் திண்ணையில் படுத்ததும்தான். வேசம் கட்ட எழுப்பியபோது குரல் கரகரத்தது. ஆகாரம் பிடித்துக் கொஞ்சம் நடக்க வழிக்கு வந்துவிட்டது.

கழுவடி வரைக்கும் நன்றாகவே போனது. மேலே ஏறியதும் ஆர்மோனியம் காதில் விழவில்லை. ஒலிபெருக்கியெல்லாம் சனத்தைப் பார்த்தபடி இருந்தது. பார்த்தவர்கள் நல்லாயிருந்தது என்றார்கள், சில அம்மாமார் அழுதார்கள். அண்ணாவியார் மட்டும் வேசம் கழற்ற முதலே வந்து, "மேலை போனாப்பிறகு அரைக்கட்டை இறங்கிட்டாய்" என்றார். பிறகு ஒலிபெருக்கிக்காரப் பெடியனைக் கூப்பிட்டு, அடுத்த முறை ஒரு பெட்டியைக் கழுமரத்தடியில் மேலே பார்த்தபடி வைக்கச் சொன்னார்.